எண்ணெய் முந்தியதா, மந்தம் முந்தியதா?

1983 ஏப்ரலில் 'ஜர்னல் ஆஃப் பொலிடிகல் எகானமி' இதழில் ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவர் ஜேம்ஸ் ஹாமில்டன். அப்போது வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இளம் பொருளியலாளர். பிற்பாடு சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கேயே நிலைத்தவர். கட்டுரை சொன்ன செய்தி ஒற்றை வரியில் அடங்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கா கண்ட எட்டு மந்தநிலைகளில் ஏழுக்கு முன்னால் கச்சா எண்ணெய் விலை சட்டென்று ஏறியிருக்கிறது. 1960-61 மட்டுமே விலக்கு. விலை ஏறியதற்கும் உற்பத்தி சுணங்கியதற்கும் நடுவில் பெரும்பாலும் முக்கால் ஆண்டு இடைவெளி.

1973-ன் அரபு எண்ணெய்த் தடையையும் 1979-ன் ஈரான் புரட்சியையும் கண்டிருந்தவர்களுக்கு எண்ணெய் விலை பொருளாதாரத்தைப் பதம் பார்க்கும் என்பதில் புதுமை ஒன்றும் இல்லை. புதுமை வேறிடத்தில் இருந்தது. ஒரு பீப்பாய் மூன்று டாலரை ஒட்டி விற்ற காலத்திலும், அதாவது எண்ணெய் மலிவுக்கும் நிதானத்துக்கும் பேர்போன 1948, 1953, 1957 ஆண்டுகளிலும், இதே வரிசைதான் காணப்பட்டது என்றார் ஹாமில்டன். எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் தலையெடுப்பதற்கு முன்பே நடந்த கதை அது. அதைத் தொடர்ந்து எழுந்த விவாதம் நாற்பது ஆண்டுகளாக ஓயவில்லை. எண்ணெயைப் பற்றிய விவாதம் போலத் தெரிந்தாலும், ஒன்றன் பின் ஒன்றாக வரும் இரண்டு நிகழ்வுகளில் முந்தியது பிந்தியதற்குக் காரணம் என்று எதை வைத்துச் சொல்வது என்பதே அதன் அடியில் ஓடும் கேள்வி. பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் கொண்டு ஆராயும் பொருளாதார அளவையியலின் அடிப்படைக் கேள்வியும் அதுதான்.

சேவல் கூவிய பிறகு பொழுது விடிகிறது. அதற்காக விடியலுக்குச் சேவலைப் பொறுப்பாக்க முடியாது. எண்ணெய் விலையும் அப்படியொரு சேவலாக இருக்கலாம். பொருளாதாரம் சூடேறி, எல்லாப் பொருளுக்கும் தேவை பெருகும்போது எண்ணெய் விலையும் கூடவே ஏறும். சூடேறிய பொருளாதாரம் ஒரு கட்டத்தில் களைத்து விழும். இந்தக் கதையில் எண்ணெய் வெறும் சாட்சி.

இந்த ஆட்சேபத்தை ஹாமில்டன் இரண்டு வழிகளில் எதிர்கொண்டார். முதலாவது புள்ளியியல் வழி. கிளைவ் கிரேஞ்சர் 1969-ல் வகுத்துத் தந்த சோதனை ஒன்று உண்டு. ஒரு மாறியின் கடந்தகால மதிப்புகள் இன்னொன்றின் எதிர்காலத்தைக் கணிக்க உதவுகின்றனவா என்று அது பார்க்கும். தேசிய உற்பத்தி, வேலையின்மை, விலைவாசி, கூலி, பணப்புழக்கம், இறக்குமதி விலை ஆகிய ஆறு மாறிகளைக் கொண்டு கிறிஸ்டோபர் சிம்ஸ் அமைத்திருந்த கணித மாதிரியை ஹாமில்டன் எடுத்துக்கொண்டார். எண்ணெய் விலையை உள்ளே விட்டால் உற்பத்தியின் கணிப்பு மேம்பட்டது. திருப்பிப் பார்த்தால், பொருளாதாரத்தின் போக்கை வைத்து எண்ணெய் விலையின் தாவல்களை முன்கூட்டிச் சொல்வது ஏறக்குறைய இயலாததாக இருந்தது.

அந்தச் சோதனையை மட்டும் வைத்து யாரையும் நம்ப வைக்க முடியாது. எனக்கு அந்தக் கட்டுரையில் உண்மையிலேயே பிடித்தது இரண்டாவது வழிதான், ஏனென்றால் அது சமன்பாடுகளுக்கு வெளியே இருக்கிறது. 1972 வரை அமெரிக்காவில் எண்ணெய் விலை எப்படி நிர்ணயமானது என்ற நிர்வாக வரலாறு அது. அதன் நாயகன் பெயருக்குப் பொருந்தாத ஓர் அலுவலகம்: டெக்சாஸ் ரயில்பாதை ஆணையம்.

1891-ல் ரயில் கட்டணங்களை முறைப்படுத்த அமைக்கப்பட்ட ஆணையம் அது. பிறகு எண்ணெய்க் குழாய்களும் கிணறுகளும் அதன் கைக்கு வந்தன. 1930-ல் கிழக்கு டெக்சாஸில் பெரும் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டு, ஆளுக்கு ஆள் கிணறு தோண்டி இறைத்ததில் விலை பாதாளத்துக்குப் போனது. 1931-ல் மாநில ஆளுநர் படையை அனுப்பிக் கிணறுகளை மூட வேண்டி வந்தது. அந்தக் குழப்பத்திலிருந்து பிறந்ததுதான் உற்பத்திப் பங்கீட்டு முறை. மாதந்தோறும் ஆணையம் கூடும். நடப்பு விலையில் அடுத்த மாதம் எவ்வளவு எண்ணெய் விற்கும் என்று மதிப்பிடும். அதற்கேற்ப ஒவ்வொரு கிணறும் எத்தனை நாள் ஓடலாம் என்று உத்தரவிடும். தேவை குறைந்தால் இறைப்பு குறையும், விலை அசையாது. தேவை கூடினால் இறைப்பு கூடும், அப்போதும் விலை அசையாது.

சாதாரணமான ஏற்ற இறக்கங்கள் விலையைத் தொடாதபடி இந்த ஏற்பாடு பார்த்துக்கொண்டது. மாதக்கணக்கில் ஒரே மட்டத்தில் படுத்திருக்கும் விலைக்கோடு திடீரென்று படியேறி, மறுபடி படுத்துக்கொள்ளும். அந்தப் படிகள் எங்கே வந்தன என்று தேடிப் போனால் போர்களும் வேலைநிறுத்தங்களும் கிடைக்கின்றன. 1956 ஜூலையில் எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். அக்டோபர் இறுதியில் இஸ்ரேலும் பிரிட்டனும் பிரான்சும் தாக்கின. கால்வாய் அடைபட்டது, சிரியா வழியே சென்ற குழாயும் நின்றது. ஐரோப்பாவுக்கு எண்ணெய் அனுப்ப வேண்டிய நிலையில் 1957 தொடக்கத்தில் அமெரிக்க விலை ஏறியது. அவ்வாண்டு ஆகஸ்டில் அமெரிக்கா மந்தநிலைக்குள் நுழைந்தது. டெட்ராய்ட்டில் கார் விற்பனை எப்படி இருந்தது என்பதற்கும் நாசரின் முடிவுக்கும் என்ன தொடர்பு இருந்திருக்க முடியும்? விலையேற்றத்தின் ஊற்றுக்கண் பொருளாதாரத்துக்கு வெளியே இருந்தது என்று இங்கே துணிந்து சொல்லலாம்.

எல்லா நிகழ்வுகளும் இவ்வளவு தெளிவாக இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1953-ல் கொரியப் போர்க்கால விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதும் எண்ணெய் விலை ஏறியது. மந்தநிலை கிட்டத்தட்ட அதன் காலடியிலேயே தொடங்கிவிட்டது. போர் முடிந்து ராணுவச் செலவு வெட்டப்பட்டதே அந்தச் சரிவுக்குப் போதுமான விளக்கம் என்று ஒருவர் வாதிட்டால் மறுப்பது கடினம்.

அமெரிக்க எண்ணெய் உற்பத்தி 1970-ல் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியது. 1972-ல் டெக்சாஸ் ஆணையம் எல்லாக் கிணறுகளையும் முழு அளவில் ஓட்ட அனுமதித்தது. கையிருப்புத் திறன் தீர்ந்துவிட்டது என்பதே அதன் பொருள். விலையைத் தாங்கிப் பிடிக்கும் அதிகாரம் அங்கிருந்து பாரசீக வளைகுடாவுக்கு இடம்பெயர்ந்தது. 1973 அக்டோபரில் மூன்று டாலரை ஒட்டியிருந்த வளைகுடா எண்ணெயின் அறிவிப்பு விலை 1974 ஜனவரி 1-ல் 11.65 டாலர் ஆனது. விலை நிர்ணய முறையே மாறிவிட்டதால் ஹாமில்டனின் பழைய வாதம் இதற்குப் பிறகு அப்படியே செல்லுபடியாகாது. அவருடைய எதிராளிகள் நுழைந்த வாசலும் இதுதான்.

ராபர்ட் பார்ஸ்கியும் லட்ஸ் கிலியனும் 1970-களின் கதையைத் தலைகீழாகச் சொன்னார்கள். 1971-ல் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பு அறுந்தது. மத்திய வங்கிகள் தாராளமாகப் பணத்தை விட்டன. 1972-73-ல் எண்ணெய்க்கு முன்பே தானியம், உலோகம் என்று மூலப்பொருள்களின் விலையெல்லாம் எகிறியிருந்தது. டாலரின் மதிப்பு தேயத் தேய, டாலரில் எண்ணெய் விற்றவர்கள் விலையை உயர்த்தக் காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள். 1973 அக்டோபரில் மூண்ட அரபு-இஸ்ரேல் போர் அந்த வாய்ப்பைத் தந்தது. இவர்கள் கணக்கில் பணக்கொள்கைதான் குற்றவாளி. எண்ணெய் விலை அதன் விளைவுகளில் ஒன்று.

இன்னொரு தாக்குதல் 1997-ல் பென் பெர்னான்கி, மார்க் கெர்ட்லர், மார்க் வாட்சன் ஆகியோரிடமிருந்து வந்தது. எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் பணவீக்கத்துக்கு அஞ்சி அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியை உயர்த்துகிறது. மந்தநிலையை உண்டாக்குவதில் பெரும்பங்கு அந்த வட்டிக்குத்தான் என்றார்கள் அவர்கள். ஹாமில்டனும் அனா மரியா ஹெரேராவும் 2004-ல் பதில் எழுதினார்கள். அதில் கவனிக்க வேண்டிய ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. முந்தைய ஆய்வு ஏழு மாதப் பின்னோக்கை மட்டுமே மாதிரியில் அனுமதித்திருந்தது. எண்ணெயின் அடி முக்கால் ஆண்டு முதல் ஓராண்டு கழித்துத்தான் விழுகிறது என்றால், ஏழு மாதத்தோடு நிறுத்திக்கொள்ளும் மாதிரி அந்த அடியைப் பார்க்கவே பார்க்காது. பின்னோக்கை ஓராண்டுக்கு நீட்டியதும் எண்ணெயின் பங்கு திரும்பி வந்தது. அதுமட்டுமல்ல, எண்ணெயின் பாதிப்பை வட்டியால் மட்டும் ஈடுகட்ட வேண்டுமானால் ஃபெடரல் ரிசர்வ் அதுவரை கனவிலும் செய்திராத அளவுக்கு வட்டியைக் குறைத்திருக்க வேண்டும் என்றும் காட்டினார்கள். எத்தனை மாதம் பின்னோக்கிப் பார்ப்பது என்ற ஒரு தேர்வு, குற்றவாளி யார் என்ற தீர்ப்பையே மாற்றிவிடுகிறது. வெளியாருக்கு இது மயிர்பிளக்கும் வேலையாகத் தோன்றும். மத்திய வங்கிக்கு அப்படித் தோன்றாது.

சரி, எண்ணெய்தான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். அடி ஏன் இவ்வளவு பலமாக விழுகிறது? இது இந்தத் துறையின் பழைய புதிர். ஒரு நாட்டின் மொத்தச் செலவில் எண்ணெயின் பங்கு 4 சதவீதம் என்று கொள்வோம். எண்ணெய்ப் பயன்பாடு 10 சதவீதம் குறைந்தால் பாடநூல் கணக்கின்படி உற்பத்தி 0.4 சதவீதம்தான் குறைய வேண்டும். வரலாற்றில் காணும் சரிவுகளோ இதைவிடப் பல மடங்கு பெரியவை.

ஹாமில்டன் தரும் விடை எரிபொருளைவிட அதை எரிக்கும் பொருள்களைச் சுற்றி வருகிறது. பெட்ரோல் விலை ஏறியதும் மக்கள் பெட்ரோலை உடனே குறைத்துவிடுவதில்லை. வேலைக்குப் போகத்தான் வேண்டும். மற்றச் செலவுகளைக் குறைக்கிறார்கள், முக்கியமாகக் கார் வாங்குவதைத் தள்ளிப்போடுகிறார்கள். பெரிய வண்டி வாங்க நினைத்தவர் சின்னது போதுமா, அடுத்த ஆண்டு பார்க்கலாமா என்று யோசிக்கிறார். பெரிய வண்டி செய்யும் ஆலை ஒரு சுற்று வேலையை நிறுத்துகிறது. அங்கே வேலையிழந்தவர் மறுநாளே சின்ன வண்டி ஆலைக்கோ மருத்துவமனைக்கோ வேலைக்குப் போய்விட முடியாது. திறமையும் ஊரும் ஒத்துவர வேண்டும். பாடநூல் கணக்கு விட்டுவிடுவது இந்தச் சும்மா இருக்கும் ஆளையும் இயந்திரத்தையும்தான். எண்ணெய் அதிர்ச்சிகளின்போது அமெரிக்கக் கார் உற்பத்தி சரிந்த வேகத்தைப் பார்த்தால் இந்த விளக்கம் ஒத்துப்போகிறது.

இந்த விளக்கத்துக்கு ஒரு துணை விளைவு உண்டு. விலை ஏறினாலும் இறங்கினாலும் ஆள்களும் இயந்திரங்களும் இடம் மாறத்தான் வேண்டும். எனவே விலை இறங்கினால் பொருளாதாரம் அதே வேகத்தில் துள்ளி எழும் என்று எதிர்பார்க்க முடியாது. 1986-ல் எண்ணெய் விலை பாதிக்கும் கீழே சரிந்தபோது நடந்ததும் அதுதான்: எந்தப் பெருவளர்ச்சியும் வரவில்லை. நுட் மோர்க் 1989-ல் இந்தச் சமச்சீரின்மையைச் சுட்டிக்காட்டினார். 1996-ல் மார்க் ஹூக்கர், 1973-க்குப் பிந்தைய தரவுகளில் எண்ணெய்க்கும் வளர்ச்சிக்கும் இருந்த பழைய உறவே உடைந்துவிட்டது என்றார். ஹாமில்டன் அதற்குப் புதிய அளவுகோல் ஒன்றைக் கொண்டுவந்தார். இன்றைய விலையைக் கடந்த காலாண்டோடு ஒப்பிடக் கூடாது, முந்தைய ஓராண்டின் உச்சத்தோடு ஒப்பிட வேண்டும். பின்னாளில் மூன்றாண்டு உச்சம் என்றார். சரிந்து கிடந்த விலை பழைய இடத்துக்குத் திரும்புவதை யாரும் அதிர்ச்சியாக உணர்வதில்லை, புதிய உச்சம்தான் வாங்குபவரைத் திகைக்க வைக்கிறது என்பது வாதம்.

வாதத்தில் பொருள் இருக்கிறது. ஆனாலும் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் நெருடுகிறது. உறவு உடைந்ததாகத் தெரிந்த பிறகு, அதை மீண்டும் உயிர்ப்பிக்கும் வடிவம் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டது. தேடினால் கிடைக்கும் என்பது தரவுகளோடு பழகிய எவருக்கும் தெரியும். கிலியனும் ராபர்ட் விக்ஃபுசனும் 2011-ல் முறைப்படி சோதித்துப் பார்த்து, சமச்சீரின்மைக்கு வலுவான ஆதாரம் இல்லை என்றார்கள். ஹாமில்டன் ஒப்புக்கொள்ளவில்லை. இரு தரப்பினருமே கெட்டிக்காரர்கள், தரவும் ஏறத்தாழ ஒன்றே. முடிவு மட்டும் வேறு.

ஹாமில்டனின் பெயர் எண்ணெயோடு நின்றிருந்தால் அவர் ஒரு துறை வல்லுநர் மட்டுமே. 1989-ல் 'எகனாமெட்ரிகா'வில் வந்த கட்டுரைதான் அவரைப் பொருளாதார அளவையியலின் முன்வரிசையில் உட்கார வைத்தது. பொருளாதார வளர்ச்சி ஒரே விதிப்படி ஏறி இறங்குகிறது என்பதுதான் அதுவரை மாதிரிகளின் அடிப்படை. ஹாமில்டனோ, பொருளாதாரம் இரண்டு நிலைகளுக்கிடையே தாவுகிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பது நம் கண்ணுக்குத் தெரியாது, உற்பத்தி எண்களை வைத்து நிகழ்தகவாக மட்டுமே அனுமானிக்க முடியும் என்றார். 1950-களின் தொடக்கம் முதல் 1984 வரையான அமெரிக்கக் காலாண்டுத் தரவுகளை இந்தக் கண்ணாடி வழியே பார்த்தார். ஒரு நிலையில் காலாண்டுக்குச் சுமார் 1.2 சதவீத வளர்ச்சி. இன்னொன்றில் சுமார் 0.4 சதவீதச் சரிவு. முதல் நிலை சராசரியாகப் பத்தரைக் காலாண்டு நீடிக்கிறது, இரண்டாவது நான்கு காலாண்டு.

எது மந்தநிலை என்று கணினிக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இருந்தும் அது பிரித்துக் காட்டிய காலகட்டங்கள், அமெரிக்காவில் மந்தநிலைத் தேதிகளை அறிவிக்கும் தேசியப் பொருளாதார ஆய்வுக் கழகத்தின் வல்லுநர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்த தேதிகளோடு பெரிதும் ஒத்துப்போயின. இந்த முறை பிறகு வட்டி விகிதம், பங்குச் சந்தை, மின்சார விலை என்று போகாத இடமில்லை. குறிப்பாக மின்சாரச் சந்தையில், பெரும்பாலான நாள்கள் அமைதியாக இருந்து, வெயிலோ கோளாறோ வந்தால் சில மணி நேரத்துக்கு விலை பல மடங்கு துள்ளும். அந்த இயல்புக்கு இரட்டை நிலை மாதிரி இயற்கையாகவே பொருந்துகிறது.

நடைமுறைப் பயனும் உண்டு. மந்தநிலை வந்ததா, போனதா என்பதை வல்லுநர் குழுவின் அறிவிப்புக்குக் காத்திராமல் எண்களிலிருந்தே அனுமானிக்கலாம். 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தநிலையை வல்லுநர் குழு அறிவித்தது 2008 டிசம்பர் 1-ல். முழுதாக ஓராண்டு கழித்து. 2009 ஜூனில் அது முடிந்ததை அறிவிக்க 2010 செப்டம்பர் ஆனது.

புள்ளியியல் கருவிகள் விஷயத்தில் ஹாமில்டன் எவ்வளவு கண்டிப்பானவர் என்பது 2018-ல் அவர் ஹோட்ரிக்-பிரெஸ்காட் வடிகட்டிக்கு எதிராக எழுதியதில் தெரிகிறது. ஒரு நாட்டின் உற்பத்தித் தொடரிலிருந்து நீண்டகாலப் போக்கையும் குறுகியகாலச் சுழற்சியையும் பிரித்தெடுக்க மத்திய வங்கிகளும் நிதி அமைச்சகங்களும் பழக்கமாகப் பயன்படுத்தும் கருவி அது. இல்லாத சுழற்சியை அது உண்டாக்கிக் காட்டுகிறது, தொடரின் கடைசிப் பகுதியில், அதாவது நமக்கு மிகவும் தேவைப்படும் இடத்தில், தடுமாறுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. இந்த வடிகட்டியை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள் என்று தலைப்பிலேயே போட்டார். மாற்றாக அவர் தந்தது மிக எளியது: ஒரு காலாண்டு வரை தெரிந்த நான்கு எண்களை வைத்து அடுத்த இரண்டாண்டு கழித்து வரும் எண்ணைக் கணி, கணிப்பு தவறிய அளவே சுழற்சி. கல்விப்புல மரியாதை மொழிக்குப் பழகிய துறையில் அந்தத் தலைப்பு பலரைச் சீண்டியது.

எண்ணெய்க்குத் திரும்புவோம், ஏனென்றால் 2008 அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய சோதனை. 2007 தொடக்கத்தில் ஐம்பது டாலரை ஒட்டியிருந்த ஒரு பீப்பாய் 2008 ஜூலையில் 145 டாலரைத் தாண்டியது. ஆண்டு முடிவதற்குள் நாற்பதுக்கும் கீழே விழுந்தது. ஊக வணிகர்கள் செய்த சதி என்று நாடாளுமன்றங்களும் தொலைக்காட்சிகளும் கொந்தளித்தன. ஹாமில்டன் 2009-ல் புரூக்கிங்ஸ் நிறுவனத்தில் அளித்த ஆய்வில் முதலில் சாதாரணக் கணக்கைப் போட்டார். 2005 முதல் 2007 வரை உலக எண்ணெய் உற்பத்தி ஏறாமல் தேங்கியிருந்தது. சவுதி அரேபியாவின் உற்பத்தி குறையக்கூடச் செய்தது. சீனாவின் பயன்பாடோ ஆண்டுதோறும் கூடிக்கொண்டே இருந்தது. அப்படியானால் மற்ற நாடுகளில் யாரோ குறைத்தாக வேண்டும். எந்த விலையில் குறைப்பார்கள்?

இங்கேதான் தேவையின் நெகிழ்ச்சி வருகிறது: விலை ஒரு சதவீதம் ஏறினால் பயன்பாடு எத்தனை சதவீதம் குறையும் என்ற கணக்கு. 2000-களின் அமெரிக்கப் பெட்ரோல் நுகர்வை ஆராய்ந்தவர்கள், குறுகிய காலத்தில் அந்த நெகிழ்ச்சி 0.03 முதல் 0.08 வரைதான் என்று கண்டிருந்தார்கள். 0.06 என்று வைத்துக்கொண்டால், பயன்பாட்டை 3 சதவீதம் குறைக்க விலை 50 சதவீதம் ஏற வேண்டும். பற்றாக்குறை சின்னது, விலையேற்றம் பெரியது. நடுவில் சதிகாரர் யாரும் தேவையில்லை. ஊகவணிகத்துக்குப் பங்கே இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஊகத்தால் விலை நியாயமான அளவைத் தாண்டிப் போயிருந்தால் வாங்க ஆளில்லாத எண்ணெய் கிடங்குகளில் தேங்கியிருக்க வேண்டும். விலை விரைந்து ஏறிய மாதங்களில் அப்படித் தேங்கியதற்கு அடையாளம் இல்லை என்றார்.

அடுத்து அவர் செய்தது துணிச்சலானது. பழைய தரவுகளைக் கொண்டு தாம் முன்பே மதிப்பிட்டிருந்த சமன்பாட்டை எடுத்து, எண்ணெய் விலையை மட்டும் ஊட்டி, 2007 கடைசிக் காலாண்டு முதல் 2008 மூன்றாம் காலாண்டு வரை அமெரிக்க உற்பத்தி எப்படிப் போயிருக்கும் என்று பார்த்தார். நடந்ததற்கு மிக அருகில் விடை வந்தது. எண்ணெய் அதிர்ச்சி மட்டும் வராதிருந்தால் அந்த ஓராண்டை மந்தநிலை என்று அழைத்திருக்கவே மாட்டோம் என்ற முடிவுக்கு வந்தார். வீட்டுக்கடன் குமிழி ஒருபுறம் வெடித்துக்கொண்டிருந்தபோது இப்படிச் சொல்வதை முழுதாக ஏற்பது எனக்குக் கடினம். 2008 செப்டம்பருக்குப் பிறகு நடந்ததற்கு எண்ணெயை யாரும் காரணம் சொல்வதில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி கவிழ்வதற்கு முந்தைய ஒன்பது மாதங்களில் பெட்ரோல் ஒரு காலன் நான்கு டாலரைத் தாண்டியது, கார் விற்பனை சரிந்தது என்பவை அந்த நெருக்கடியின் வரலாறுகள் பலவற்றில் ஓர் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. அவற்றை நடுப்பக்கத்துக்குக் கொண்டுவந்தது அவர் செய்த நல்ல காரியம்.

அதே 2009-ல் கிலியன் வெளியிட்ட கட்டுரை விவாதத்தின் போக்கையே திருப்பியது. எண்ணெய் விலை ஏன் ஏறியது என்று கேட்காமல் விளைவைப் பற்றிப் பேசக் கூடாது என்றார் அவர். உற்பத்தி தடைபட்டதால் ஏறும் விலை ஒரு வகை. உலகமே செழிப்பாக இருப்பதால் ஏறும் விலை இன்னொரு வகை. நாளை என்னாகுமோ என்ற அச்சத்தில் வாங்கிக் குவிப்பதால் ஏறும் விலை மூன்றாவது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்து, வரலாற்று விலையேற்றங்களில் உற்பத்தித் தடையின் பங்கு மிகச் சிறியது என்றார். ஹாமில்டனின் போர்களும் தடைகளும் கொண்ட கதைக்கு இது நேர் எதிர்.

பிரிப்பது எப்படி? கையில் இருப்பது விலையும் அளவும் மட்டும். இரண்டும் தேவைக்கோடும் வழங்கல் கோடும் சந்திக்கும் புள்ளிகள். எந்தக் கோடு நகர்ந்தது என்று தெரிய, ஒரு கோட்டின் சாய்வையாவது வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். விலை ஏறிய அதே மாதத்தில் எண்ணெய் உற்பத்தியாளர்கள் இறைப்பைக் கூட்டவே முடியாது என்று கொண்டார் கிலியன். பிறகு டேனியல் மர்ஃபியோடு சேர்ந்து எழுதியபோது அதைச் சற்றே தளர்த்தி, விலை ஒரு சதவீதம் ஏறினால் உற்பத்தி எத்தனை சதவீதம் கூடும் என்று காட்டும் வழங்கல் நெகிழ்ச்சிக்கு 0.0258 என்று ஓர் உச்சவரம்பு வைத்தார்.

இந்த எண் எங்கிருந்து வந்தது? ஒரே ஒரு மாதத்திலிருந்து. 1990 ஆகஸ்டு 2-ல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. அம்மாதம் எண்ணெய் விலை 45.3 சதவீதம் ஏறியது. ஈராக்கும் குவைத்தும் நீங்கலான நாடுகள் உற்பத்தியை 1.17 சதவீதம் கூட்டின. இரண்டையும் வகுத்தால் 0.0258. அம்மாதத்தில் எல்லாருக்கும் உற்பத்தியைக் கூட்ட எல்லாக் காரணமும் இருந்தது, அப்போதே இவ்வளவுதான் முடிந்தது என்றால் வேறு எப்போதும் இதைத் தாண்டாது என்பது தர்க்கம். (இந்தியாவில் அதே ஆகஸ்டு மாதத்தைப் பலர் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருப்பார்கள். ஏற்கனவே நலிந்திருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பை அந்த எண்ணெய்ச் செலவு கரைத்து, மறு ஆண்டு தங்கத்தை லண்டனுக்கு அனுப்பி அடகு வைக்கும் நிலைக்குக் கொண்டுபோய் விட்டது.)

ஹாமில்டனும் கிறிஸ்டியேன் பாமைஸ்டரும் இந்தக் கறார் வரம்பைத்தான் குறிவைத்தார்கள். ஒரு மாதத்து நிகழ்வை எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் சட்டமாக்குவானேன்? வழங்கல் நெகிழ்ச்சி சிறியதாகத்தான் இருக்கும், ஆனால் எவ்வளவு சிறியது என்பது உறுதியில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அந்த உறுதியின்மையையே ஒரு நிகழ்தகவுப் பரவலாக மாதிரிக்குள் வைப்போம். மீதியைத் தரவு சொல்லட்டும் என்றார்கள். 2019-ல் அவர்கள் வெளியிட்ட மதிப்பீட்டில் குறுகிய கால வழங்கல் நெகிழ்ச்சி 0.15 அளவிலும் தேவை நெகிழ்ச்சி 0.35 அளவிலும் வந்தது. வரம்பைத் தளர்த்தியதும் உற்பத்தித் தடையின் பங்கு மீண்டும் பெரிதானது. கிலியன் தரப்பு, 0.15 நடைமுறையில் நம்ப முடியாத அளவு பெரியது, எண்ணெய்க் கிணறு தண்ணீர்க் குழாய் அல்ல என்று பதிலடி கொடுத்தது. ஃபெடரல் ரிசர்வைச் சேர்ந்த மூவர் தனியே செய்த ஆய்வில் 0.1 அளவில் மதிப்பீடு வந்தது. இரு தரப்பும் தத்தமக்குச் சாதகமாக வாசிக்கலாம்.

உலகப் பொருளாதாரத்தின் வேகத்தை அளக்கக் கிலியன் பயன்படுத்திய கப்பல் வாடகைக் குறியீட்டில் ஒரே தொடருக்கு இரண்டு முறை மடக்கை எடுக்கப்பட்டிருந்ததை ஹாமில்டன் கண்டுபிடித்த சம்பவமும் இந்தச் சண்டையின் பகுதி. கிலியன் அதைத் திருத்தி வெளியிட்டார், முக்கிய முடிவுகள் மாறவில்லை என்றும் சொன்னார். எதிராளி ஒருவர் தரவை வரிவரியாகச் சரிபார்த்திராவிட்டால் அது இன்னும் எத்தனை ஆண்டு கண்ணில் படாமல் கிடந்திருக்குமோ.

எண்ணெய் பற்றிய நீண்டகாலப் பார்வையில் ஹாமில்டனுக்கு அடி சறுக்கிய இடமும் உண்டு. 1859-ல் பென்சில்வேனியாவில் தொடங்கிய அமெரிக்க எண்ணெயின் வரலாற்றை மாநிலம் மாநிலமாகப் பிரித்து ஆராய்ந்தார். பென்சில்வேனியாவின் உற்பத்தி 1891-லேயே உச்சம் கண்டு இறங்கியது. பிற மாநிலங்களும் ஒவ்வொன்றாக அப்படியே. நூறாண்டுக்கும் மேலாக அமெரிக்க உற்பத்தி கூடிக்கொண்டே போனதற்குக் காரணம் புதிய புதிய வயல்கள் கிடைத்ததுதான், பழைய வயலில் நுட்பம் மேம்பட்டதன் பங்கு குறைவு. எனவே மலிவான எண்ணெய்க்காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்ற எச்சரிக்கை அவர் எழுத்தில் தொனித்தது. அந்த மை காய்வதற்குள் ஷேல் பாறைகளை உடைத்து எண்ணெய் எடுக்கும் நுட்பம் அமெரிக்க உற்பத்தியை 2008-ல் நாளொன்றுக்கு 50 லட்சம் பீப்பாயிலிருந்து 2019-ல் 120 லட்சத்துக்கு மேல் தூக்கிவிட்டது.

ஷேல், அவருடைய மாதிரியின் உள்ளுறுப்பையும் மாற்றிவிட்டது. 2014-ன் பிற்பாதியில் விலை சரிந்தபோது வாகன ஓட்டிகள் சேமித்தார்கள். டெக்சாஸிலும் வடக்கு டகோட்டாவிலும் துளையிடும் எந்திரங்கள் நின்றன. ஒரு கை லாபத்தை மறு கை நஷ்டம் தின்றது. 2022 இதன் மறுபக்கம். உக்ரைன் போரை அடுத்து எண்ணெய் விலை 120 டாலரைத் தாண்டியது. ஜூனில் அமெரிக்கப் பெட்ரோலின் சராசரி விலை வரலாற்றில் முதன்முறையாகக் காலனுக்கு ஐந்து டாலர் ஆனது. 1983-ன் விதிப்படி முக்கால் ஆண்டு கழித்து மந்தநிலை வந்திருக்க வேண்டும். வல்லுநர் குழு எதையும் அறிவிக்கவில்லை. 2020-லிருந்து அமெரிக்கா பெட்ரோலியத்தை இறக்குமதி செய்வதைவிட அதிகமாக ஏற்றுமதி செய்கிறது. வருமானத்தில் எரிபொருளுக்குப் போகும் பங்கு 1980-களின் தொடக்கத்தில் இருந்ததைவிடக் குறைவு. பெருந்தொற்றுக் கால உதவித்தொகை பலருடைய வங்கிக் கணக்கில் மீதமிருந்தது. உறவு உடைந்ததா, இல்லை இந்த மூன்றும் சேர்ந்து அடியைத் தாங்கினவா என்று பிரித்துச் சொல்ல 2022 என்ற ஒற்றை நிகழ்வு போதாது. அது உற்பத்தித் தடையால் வந்த விலையேற்றமா, பெருந்தொற்றுக்குப் பிந்தைய தேவைப் பெருக்கமா என்று கேட்டாலோ, பதில் நீங்கள் 0.0258-ஐ எடுத்துக்கொள்கிறீர்களா 0.15-ஐ எடுத்துக்கொள்கிறீர்களா என்பதைப் பொறுத்தது.